செம்பனை எண்ணெயும் தேயும் முதுகும்

ரப்பர் பாலில் வைட்டமின் இ இருக்கிறது. 1960-களின் நடுவில் பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் பால்மரத்தின் பாலைப் பகுத்துப் பார்த்தபோது, வைட்டமின் இ குடும்பத்தில் அவ்வளவாக அறியப்படாத டோகோட்ரைனால் என்ற பிரிவு அதில் இருப்பதைக் கண்டார்கள். அதே பொருள் செம்பனை எண்ணெயில் ஏராளமாக இருப்பதும் தெரியவந்தது. ஜொகூர்த் தமிழர்களுக்கு இந்த இரண்டு மரங்களையும் யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குளுவாங், கூலாய், சிகாமட், லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டங்களில் விடியும் முன்பே பெரட்டுக்கு நின்று, முதலில் பால்மரத்தையும் பிறகு செம்பனையையும் நம்பிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த மரங்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் முதுகு இன்று வலிக்கிறது. "செம்பனை வைட்டமின் இ, கூடவே வைட்டமின் சி, தேய்மானத்துக்கு நல்லது" என்று சொல்லி யாராவது ஒரு குப்பியை வீட்டுக்கே கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

நீட்டுபவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ பழைய தோட்டத்துப் பழக்கமாகவோ இருப்பார், நல்லெண்ணத்தில்தான் கொடுக்கிறார். அவர் சொல்லும் அறிவியலிலும் பாதி சரி. ஆக்சிஜனேற்றம் முதுகெலும்பு வட்டுகளைச் சேதப்படுத்துகிறது என்பதில் ஐயமில்லை. அதைத் தடுக்கும் வைட்டமினை விழுங்கினால் தேய்மானம் நிற்கும் என்பதுதான் நிரூபிக்கப்படாத தாவல். ஓய்வூதியமும் பிள்ளைகள் கொடுக்கும் கைச்செலவுப் பணமும் அந்தத் தாவலுக்காகக் கரைவதால், இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த முதுகு என்ன செய்தது என்று பார்ப்போம். செம்பனை பழம் வெட்டுபவர் நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளைத் தலைக்கு மேலே தூக்கி, கழுத்தைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து, மட்டையை அறுத்துவிட்டுக் குலையை அறுக்கிறார். பத்து, இருபது கிலோவுக்குமேல் உள்ள குலை தரையில் விழுகிறது. அதைக் குனிந்து தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். சிதறிய உதிரிப்பழங்களைக் குந்தி உட்கார்ந்து பொறுக்க வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. 1981-க்கு முன்பு செம்பனைப் பூக்களுக்கு மகரந்தம் தூவியதும் கைவேலைதான். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டு குளுவாங்கில் உள்ள தோட்டம் ஒன்றில் முதன்முதலாக விடப்பட்டது. மகரந்தத் தூவல் வேலை மறைந்தது, காய்ப்பிடிப்பு கூடியது, குலைகளின் எடையும் கூடியது. மகசூல் ஏறிய கதையாக இது எப்போதும் சொல்லப்படுகிறது. எடை கூடிய அந்தக் குலையைக் குனிந்து தூக்கியவரின் இடுப்பையும் இந்தக் கதையில் சேர்க்கத்தான் வேண்டும்.

அந்த இடுப்பில், முள்ளெலும்புகளுக்கு இடையே இருப்பவைதான் வட்டுகள். ஜவ்வு என்போம், டிஸ்க் என்போம். மொத்தம் 23. முதுகெலும்புத் தொடரின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவற்றால் ஆனது. வெளியே கொலாஜன் நார்கள் அடுக்கடுக்காகச் சுற்றிய வளையம். உள்ளே கூழ் போன்ற மையம். அந்த மையத்தில் அக்ரிகன் என்ற பெரும் மூலக்கூறு தண்ணீரை ஈர்த்துப் பிடித்துவைத்திருக்கிறது. இளவயதில் மையத்தின் பெரும்பகுதி தண்ணீர்தான். நாள் முழுக்க நின்றும் சுமந்தும் இருக்கையில் பிழிந்த பஞ்சுபோல நீர் வெளியேறுகிறது. இரவில் படுத்தால் திரும்ப ஊறுகிறது. காலையில் எழும்போது நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது இதனால்தான்.

வட்டைப் பற்றி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வளர்ந்த மனிதரின் உடலில் இரத்த நாளம் இல்லாத மிகப்பெரிய உறுப்பு அதுதான். குழந்தைப் பருவத்தில் வட்டை ஒட்டி இருந்த நுண்ணிய நாளங்கள் வளர வளர மறைந்துவிடுகின்றன. அதன்பின் உள்ளே வாழும் கொஞ்சநஞ்ச செல்களுக்கும் ஆக்சிஜனும் குளுக்கோஸும் மேலும் கீழும் உள்ள எலும்புத் தகடுகளின் வழியே கசிந்துதான் போய்ச் சேர வேண்டும். மையத்தில் இருக்கும் செல்லுக்கும் மிக அருகிலுள்ள இரத்த நாளத்துக்கும் இடையே ஆறேழு மில்லிமீட்டர் தூரம் இருக்கலாம். கேட்பதற்குச் சிறிய தூரம். ஒரு செல்லுக்கு அது மிகப் பெரிய தூரம். அந்தத் தகடுகள் தடித்துச் சுண்ணமேறினால் கசிவும் குறைகிறது. செல்கள் பசியில் தளர்கின்றன. கழிவான லாக்டிக் அமிலம் தேங்குகிறது.

ஆக்சிஜனேற்றம் வருவது இந்தக் கட்டத்தில். தளர்ந்த செல்களின் மைட்டோகாண்ட்ரியாக்களிலிருந்து வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் கூடுதலாகக் கசிகின்றன. அவை அழற்சிச் சைகைகளைத் தூண்ட, கொலாஜனையும் அக்ரிகனையும் வெட்டும் நொதிகள் பெருகுகின்றன. அக்ரிகன் குறைந்தால் தண்ணீர் நிற்காது. தண்ணீர் குறைந்த வட்டு தாழ்ந்து, சுமை ஓரங்களுக்கு மாறி, வளையத்தில் வெடிப்பு விழுகிறது. இதற்கான சான்றுகள் வலுவானவை. ஜப்பானின் கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியால் காயப்படுத்தப்பட்ட எலியின் வட்டு, என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைக் கொடுத்தபோது குறைவாகவே சிதைந்தது. ஆனால் எலியின் வால் வட்டு மிகச் சிறியது. அதில் கசிவு கடக்க வேண்டிய தூரமும் மிகக் குறைவு. மனித இடுப்பின் வட்டு அப்படியல்ல.

வைட்டமின் சி-யின் கதைக்கு இன்னும் வயது அதிகம். கொலாஜன் என்பது முறுக்கிய மூவிழை. அந்த முறுக்கு நிலைக்க, புரோலின் என்ற அமினோ அமிலத்தின்மேல் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஏற வேண்டும். அதை ஏற்றும் நொதியின் இரும்பணு வேலைசெய்யும் நிலையில் இருக்க வைட்டமின் சி தேவை. அது கிடைக்காத பழைய கப்பல் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது. ஆறிப்போன பழைய காயங்கள்கூடத் திரும்பத் திறந்துகொண்டன. கொலாஜன் வளையத்தால் ஆன வட்டுக்கும் இந்த வைட்டமின் வேண்டும் என்று நினைப்பது இயல்புதானே? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர நரம்பியல் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் கிரீன்வுட் 1964-இல் அப்படித்தான் எழுதினார். முதுகுவலியோடு வந்த தம் நோயாளிகளுக்கு வைட்டமின் சி கூடுதலாகக் கொடுத்ததாகவும், பலருக்கு அறுவை தேவைப்படாமல் போனதாகவும் அவர் பதிவுசெய்தார். வட்டுக்கு வைட்டமின் மாத்திரை என்ற எண்ணத்தின் வேர்களில் ஒன்று இந்தக் கட்டுரை.

ஆனால் கிரீன்வுட் ஒப்பீட்டுக் குழு வைத்து ஆராயவில்லை. முதுகுவலியின் குணத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று புரியும். வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும் வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகவே தணிகிறது. அந்த மாதங்களில் எதை விழுங்கினாலும் பெயர் அதற்குப் போய்விடும். மாத்திரை கொண்டுவரும் சொந்தக்காரரின் நம்பிக்கையும் இப்படித்தான் பிறந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் நாடு தழுவிய நலக் கணக்கெடுப்பில் 4,742 பேரின் இரத்தத்தை வைத்துப் பார்த்தது. வைட்டமின் சி குறைவாக இருந்தவர்களிடம் கழுத்துவலியும் இடுப்புவலியும் கூடுதலாக இருந்தன. இந்த முடிவைப் புறந்தள்ளக் கூடாது. அதை அதன் எல்லைக்குள் வைத்தும் படிக்க வேண்டும். வைட்டமின் சி குறைந்தவர்கள் யார்? புகைப்பவர்கள், பழம் வாங்க முடியாதவர்கள், கடும் உடலுழைப்பு வேலையில் இருப்பவர்கள், ஏற்கெனவே நோயுற்றவர்கள். வலிக்குக் காரணம் வைட்டமின் குறைவா, அந்த வாழ்க்கையா என்பதை ஒரே ஒரு நாளில் எடுத்த இரத்தம் பிரித்துச் சொல்லாது. பற்றாக்குறை இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதுவரைதான் அந்த ஆய்வு நம்மை அழைத்துச் செல்கிறது. பற்றாக்குறை இல்லாதவர் மேலும் மேலும் விழுங்குவதால் பயன் உண்டு என்று அது காட்டவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிகிராமைத் தாண்டினால் இரத்தத்தில் வைட்டமின் சி-யின் அளவு அதிகம் ஏறுவதுமில்லை. மிச்சம் சிறுநீரில் போய்விடும். சுவீடன் ஆண்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலைபார்க்கும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காலத்தின் கணக்கும் ஒன்று இருக்கிறது. முதிர்ந்த வட்டில் உள்ள கொலாஜன் மிக மிக மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. அதில் பாதி மாறவே ஒரு மனித ஆயுள் போதாது. அப்படியானால் இன்று அறுபது வயதுக்காரரின் இடுப்பில் இருக்கும் கொலாஜனில் பெரும்பங்கு அவர் இளைஞராக இருந்தபோது, ஒருவேளை தோட்டத்து லயத்தில் சிறுவனாக ஓடித்திரிந்தபோது உருவானது. வைட்டமின் சி-யின் பெரிய வேலை நடந்து முடிந்தது அப்போதுதான். பிள்ளைகளின் தட்டில் பழமும் கீரையும் இருக்க வேண்டும் என்பதற்கு, வளர்ந்தவர் மாத்திரை விழுங்குவதைவிட வலுவான காரணம் இங்கே கிடைக்கிறது. வயதான வட்டை அறுத்துப் பார்த்தால், குழந்தையின் வட்டில் வெண்ணிறமாகவும் கண்ணாடிபோலத் தெளிவாகவும் இருக்கும் பகுதி மஞ்சளேறிப் பழுப்பாக இருக்கும். இரத்தத்துச் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கொலாஜனோடு ஒட்டி உண்டாக்கிய நிறம் அது. ஒட்டிய நார் விறைத்துப்போகிறது. நீரிழிவு இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கிறது. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நம் முதுகுக்கு வைட்டமின் குறைவைவிடத் தேநீரில் கலக்கும் கெட்டிப்பால்தான் நெருங்கிய எதிரி என்பது என் எண்ணம்.

இனி டோகோட்ரைனால். கச்சாச் செம்பனை எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கும். ஒரு கிலோவில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டினாய்டுகளும், 600 முதல் 1,000 மில்லிகிராம் வரை வைட்டமின் இ-யும் உண்டு. அந்த வைட்டமின் இ-யில் பெரும்பகுதி டோகோட்ரைனால். ஆனால் பாசிர் கூடாங் சுத்திகரிப்பு ஆலைகளில் நிறம் நீக்கி, மணம் நீக்கி வரும் வெளிர்மஞ்சள் சமையல் எண்ணெயில் கரோட்டின் அநேகமாக இல்லை. வைட்டமின் இ-யிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. கடையில் வாங்கும் எண்ணெயில் பொரித்துத் தின்றால் முதுகுக்கு நல்லது என்று யாரும் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

பிரித்தெடுத்த டோகோட்ரைனாலைப் பற்றி மலேசிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். அது மதிக்கத்தக்க உழைப்பு. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் எலிகளின் எலும்பு வலிமையைக் குறித்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மனிதர்களிடமே சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டது. 121 பேரைச் சேர்த்து, ஒரு சாராருக்கு நாளைக்கு இருமுறை 200 மில்லிகிராம் டோகோட்ரைனால் கலவை, மறுசாராருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை என இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். மூளையின் வெண்பகுதியில் தோன்றும் புள்ளிகள் வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் பெருகின. டோகோட்ரைனால் எடுத்தவர்களிடம் அப்படிப் பெருகவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் மூளைக்குள் இரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கிறது, வட்டுக்குள் பாய்வதில்லை. வைட்டமின் இ கொழுப்பில் கரைவது. இரத்தத்தில் கொழுப்புத் துகள்களில் ஏறித்தான் பயணிக்கிறது. குளுக்கோஸ் போன்ற சிறு மூலக்கூறே தடுமாறிச் செல்லும் அடர்ந்த வட்டுக்குள் அவ்வளவு பெரிய துகள்கள் நுழைவது மிகக் கடினம். போதாக்குறைக்கு, நம் கல்லீரலில் உள்ள ஒரு புரதம் ஆல்ஃபா டோகோஃபெரால் என்ற வடிவத்தைத்தான் விரும்பி இரத்தத்துக்கு அனுப்புகிறது. டோகோட்ரைனாலில் பெரும்பங்கை உடல் விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடுகிறது. எலும்பு ஆய்வையும் மூளை ஆய்வையும் சேர்த்துக் காட்டி "முதுகெலும்புத் தேய்மானம் குணமாகும்" என்று விற்பது அந்த ஆய்வாளர்களுக்கே செய்யும் அநீதி.

ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைத் தீங்கற்றவை என்று எண்ணியதற்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடுதலாக வந்திருந்தது. காக்கும் என்று கொடுத்த மாத்திரை அது! அமெரிக்காவில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த இன்னொரு சோதனையில், நாளைக்கு 400 அலகு வைட்டமின் இ எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்று 17 விழுக்காடு கூடியது 2011-இல் தெரியவந்தது. முதுகுவலிக்காரருக்கு இவற்றைவிட நேரடியாகப் பொருந்துவது ஜெர்மனியில் நடந்து 2009-இல் வெளியான சிறு ஆய்வு. நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பாதிக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் இ-யும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலைசெய்யத் தொடங்கியது; எடுத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. உழைக்கும் தசையில் உண்டாகும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் "வலுப்படுத்திக்கொள்" என்று உடலுக்குச் சொல்லும் செய்தியாகவும் இருக்கின்றன. அந்தச் செய்தியையும் மாத்திரை அடக்கிவிடுகிறது. அழற்சியும் அப்படித்தான். பிதுங்கி வெளியே வந்த வட்டுத் துண்டை நோயெதிர்ப்பு செல்கள் தின்று சுருக்குவதால்தான் பலருக்குக் கத்தியின்றிக் கால்வலி தீர்கிறது.

"எம்ஆர்ஐ-யில் தேய்மானம் என்று எழுதியிருக்கிறதே, அது பொய்யா?" என்று கேட்பார்கள். பொய் இல்லை, ஆனால் பயப்பட அது மட்டும் போதாது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015-இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் தெரிந்தது. பின்லாந்தின் ஒரே கரு இரட்டையர் 115 ஜோடிகளை ஆராய்ந்த 1995-ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. கீழ் முதுகின் மேற்பகுதி வட்டுகளில் ஒருவருக்கொருவர் காணப்பட்ட வேறுபாட்டில், வேலைச்சுமை விளக்கியது 7 விழுக்காடு மட்டுமே. பெரும்பங்கு பிறப்பும் வளர்ந்த சூழலும் சார்ந்தது. தோட்டத் தொழிலாளியின் சுமையை இந்த எண் லேசாக்கிவிடுகிறதா என்றால், நான் அப்படி வாசிக்கவில்லை. அது வட்டின் தோற்றத்தைப் பற்றிய கணக்கு. வட்டு மட்டுமே முதுகு ஆகாது. தசையும் மூட்டும் நரம்பும் ஓய்வில்லாத வேலையில் படும் வலி அந்தப் படத்தில் விழுவதில்லை. குலை தூக்க இயந்திரமும், சுமைக்கு வரம்பும், இடையிடையே ஓய்வும் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

சரி, வட்டுக்கு எது போய்ச் சேர்கிறது? இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும் எதுவும் போய்ச் சேர்கிறது. இரட்டையரில் ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர் என்று அமைந்த ஜோடிகளை 1991-இல் ஒப்பிட்டபோது, புகைத்தவரின் வட்டுகளில் தேய்மானம் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மரபு ஒன்று, வளர்ப்பு ஒன்று. வேறுபாடு சிகரெட் மட்டுமே. அசைவும் போய்ச் சேர்கிறது. தொடர்ந்து ஓடும் பழக்கமுள்ளவர்களின் வட்டுகளில் நீரும் உயரமும் கூடுதலாக இருப்பதை 2017-இல் ஆஸ்திரேலியாவில் காட்டினார்கள். அங்கேயே 2024-இல் லான்செட் இதழில் வந்த சோதனை எனக்கு மிகப் பிடித்தது. இடுப்புவலி வந்து ஆறியிருந்த 701 பேரில் ஒரு சாரார் படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டினார்கள். வலி திரும்ப வருவதற்கு நடக்காதவர்களுக்கு இடைநிலையாக 112 நாள் ஆனது. நடந்தவர்களுக்கு 208 நாள். எந்த மாத்திரையும் இத்தனை தெளிவான கணக்கைக் கொண்டுவந்ததில்லை. அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் கோஸ்வேயைக் கடந்து சிங்கப்பூர் போய், இரவில் அதே அதிர்விலும் நெரிசலிலும் திரும்பும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் கிடைக்கும் இடைவேளையில் பத்து நிமிடம் நடந்தாலும் அது முதுகுக்கான வேளைதான்.

வைட்டமின் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அதைத் தட்டிலிருந்து எடுப்போம். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி இருக்கிறது. வளர்ந்தவரின் ஒரு நாள் தேவையைப்போல இரு மடங்கு. பொந்தியான் பக்கத்து அன்னாசியில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் கரோட்டினும், வேர்க்கடலையில் வைட்டமின் இ-யும் உண்டு. ஒரு குப்பி மாத்திரை விலைக்கு எத்தனை நாள் கொய்யா வாங்கலாம் என்று பாசார் மாலாமில் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஏற்கெனவே மாத்திரை வாங்கியிருந்தால் குப்பியைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் பதிவான பொருளில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதில் இலக்கங்களுக்குப் பின் வரும் எழுத்து 'என்' என்றால் அது சத்துப் பொருள், நோய் தீர்க்கும் மருந்தாகப் பதிவானதல்ல. எண்ணே இல்லாமல் "ஒரே வாரத்தில் முதுகுவலி பறந்துவிடும்" என்று வரும் பொடியையும் உருண்டையையும் தொடவே வேண்டாம். இப்படிப்பட்ட சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டு சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். வலி சட்டென்று அடங்குவது அதனால்தான். அது சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் வைட்டமின் இ-யைக் கூடுதல் அளவில் எடுக்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும், இரத்தக்கசிவு ஏற்படலாம்.

முதுகுவலியோடு காலில் பலம் குறைந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் நரம்பு மீளாமல் போகலாம். காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்து, இரவிலும் ஓயாத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா, புற்றா என்று பார்க்க வேண்டியிருக்கும். அரசு கிளினிக்கில் அதைத் தொடங்கலாம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.